பொட்டலம் சுமந்தவரின் குற்றம் எவ்வளவு?

போதைப்பொருள் வணிகத்தில் முதல் போடுபவர், விளையும் இடத்தில் சரக்கைக் கொள்முதல் செய்பவர், வழியில் பதுக்கி வைப்பவர், சிறு பொட்டலங்களாகப் பிரிப்பவர், தெருவில் விற்பவர் எனப் பல அடுக்குகள் உள்ளன. இவர்களுள் எல்லையைக் கடந்து சரக்கைத் தம் பெட்டியிலோ உடலிலோ கொண்டு செல்பவர்தான் பெரும்பாலும் அதிகாரிகளிடம் முதலில் பிடிபடுகிறார். பல வழக்குகளில் அவர் ஒருவர் மட்டுமே பிடிபடுகிறார். சரக்கு அவருடையது அன்று, விற்று வரும் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை, அனுப்பியவரின் உண்மைப் பெயர்கூடப் பல நேரங்களில் அவருக்குத் தெரியாது. இருப்பினும், சட்டத்தின் முன் வந்து நிற்கும்போது அந்தப் பொட்டலத்தின் முழு எடையும் அவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. தங்கமும் மின்னணுப் பொருள்களும் கடத்தி வரும் கூலியாள்களைச் சென்னையில் 'குருவி' என்று அழைப்பதுண்டு. போதைப்பொருள் உலகில் அதே வேலையைச் செய்யும் இந்தச் சுமப்பவருக்கு எந்த அளவுகோலைக் கொண்டு தண்டனை வழங்குவது என்பது, கடந்த அரை நூற்றாண்டாகப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் வெவ்வேறு விடை கண்டுள்ள ஒரு கேள்வி.

குற்றவியல் சட்டத்தில் தண்டனையின் அளவை முடிவு செய்ய இரண்டு விஷயங்கள் பார்க்கப்படுகின்றன. குற்றத்தால் சமூகத்துக்கு விளைந்த, அல்லது விளைந்திருக்கக்கூடிய தீங்கு ஒன்று. குற்றம் செய்தவர் அதற்கு எந்த அளவு பொறுப்பாளி என்பது மற்றொன்று. இரண்டாவதை மதிப்பிடும்போது நீதிபதி பொறுப்பைக் குறைத்துக் காட்டும் செய்திகளைக் கருதுகிறார்: இளம் வயது, முன்பு குற்றம் ஏதும் செய்யாமை, வறுமை அல்லது கடன் நெருக்கடி, பிறரின் மிரட்டல், ஏமாற்றப்பட்டமை, மனவளர்ச்சிக் குறைபாடு, குற்றத்தை ஒப்புக்கொண்டமை, விசாரணைக்கு உதவியமை போன்றவை. இவை தணிப்புக் காரணங்கள் எனப்படும். இவற்றால் ஒருவர் குற்றமற்றவராகிவிட மாட்டார். தண்டனை குறையலாம், அவ்வளவே. திருட்டு, மோசடி, கொலை ஆகிய வழக்குகளிலெல்லாம் இயல்பாகக் கேட்கப்படும் இந்தக் காரணங்கள், போதைப்பொருள் சுமந்தவரின் வழக்கில் மட்டும் வாசலிலேயே தடுக்கப்படுவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் எடை என்னும் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

தீங்கை அளக்க எடையே எளிய வழி. தராசில் வைத்தால் ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணை எந்த வழக்கறிஞரும் உணர்ச்சிகரமாகப் பேசி மாற்றிவிட முடியாது. ஆனால், எதை நிறுப்பது என்பதிலேயே நாடுகள் ஒத்துப்போகவில்லை. சிங்கப்பூரில் ஆய்வகம் பிரித்தெடுத்துச் சொல்லும் தூய டயமார்ஃபினின், அதாவது கலப்பில்லாத ஹெராயினின், எடையே கணக்கு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பின்படி, ஹெராயினுடன் கலந்துள்ள மாவோ வேறு பொடியோ எதுவாயினும் அதையும் சேர்த்தே மொத்த எடை கணக்கிடப்படும். தூய பொருளின் எடையை மட்டும் கொள்ள வேண்டும் என்று 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது அதன்மூலம் கைவிடப்பட்டது. ஆக, ஒரே பொட்டலம் ஒரு நாட்டில் சில கிராமாகவும் மற்றொரு நாட்டில் அதைப்போல் பல மடங்காகவும் பதிவாகும். சுமந்து வந்தவர் இந்த இரண்டு எண்களில் எதையும் முடிவு செய்தவர் அல்லர். தைத்து மூடிய பெட்டியோ ஒட்டுநாடா சுற்றிய கட்டோ அவர் கைக்கு வரும்போது எடையும் தூய்மையும் வேறொருவரால் முடிவாகிவிட்டன. தெருவில் தன் சரக்கை விற்பவருக்கு எடை என்பது வருமானத்தின் அளவு. கூலிக்குச் சுமப்பவருக்கோ அரைக் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் இடையில் கூலி மாறுவதுகூடப் பெரும்பாலும் இல்லை.

தணிப்புக் காரணங்களைத் தள்ளி வைப்பதற்கான வாதத்தை மிகத் தெளிவாக முன்வைத்தது இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம். 1982இல் அராமா வழக்கில் தலைமை நீதிபதி லேன் பிரபு வகுத்த வழிகாட்டுதலின்படி, போதைப்பொருள் இறக்குமதி வழக்கில் சுமந்து வந்தவரின் நன்னடத்தைக்கு மற்ற வழக்குகளில் உள்ள முக்கியத்துவம் கிடையாது. பெரிய கடத்தல்காரர்கள் நீதிமன்றத்தின் இரக்கத்தைப் பெறக்கூடியவர்களையே, அதாவது குற்றப் பின்னணி இல்லாதவர், மாணவர், நோயாளி, முதியவர் போன்றோரையே தேடிப்பிடித்து அனுப்புகிறார்கள் என்றும், அத்தகையோருக்கு இரக்கம் காட்டினால் அந்த உத்திக்கு நீதிமன்றமே துணைபோனதாகும் என்றும் அவர் காரணம் கூறினார். அந்த வழிகாட்டுதல் சரக்கின் சந்தை விலையை அடிப்படையாகக் கொண்டது. 1994இல் அரங்குரென் வழக்கு அதைத் தூய எடைக்கு மாற்றியது. அதன்பின் அரைக் கிலோ தூய ஹெராயின் அல்லது கொக்கெய்ன் என்றால் 10 ஆண்டுகளும் மேலும், 5 கிலோ என்றால் 14 ஆண்டுகளும் மேலும் என்று தண்டனை ஏறியது.

இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. போதைப்பொருளால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்தவர் எவரும், சுமப்பவர் இல்லாமல் இந்த வணிகம் ஒரு நாளும் நடக்காது என்பதை அறிவார். ஆனால், அதன் உள்ளே ஓர் ஒப்புதல் மறைந்திருக்கிறது. கடத்தல் கும்பல்கள் பலவீனமானவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது உண்மையானால், சுமப்பவரின் பலவீனம் அவர் நீதிமன்றத்தில் வந்து கூறும் சாக்கு அன்று. அவர் அந்தப் பொட்டலத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கான சான்று. அந்தச் சான்றைப் பார்க்க மறுப்பதால் அனுப்பியவருக்கு எந்த நட்டமும் இல்லை. அவருக்கு வேறொரு பலவீனர் கிடைப்பார்.

இந்த நிலைப்பாட்டை அதன் கடைசி எல்லைவரை கொண்டு சென்ற நாடு சிங்கப்பூர். 1973இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1975இல் திருத்தப்பட்டு, 15 கிராமுக்கு மேல் டயமார்ஃபின் கடத்தினால் மரண தண்டனை கட்டாயம் என்றானது. பின்னர் கஞ்சாவுக்கு 500 கிராம், மெத்தம்ஃபெட்டமினுக்கு 250 கிராம் என்று மற்றப் பொருள்களுக்கும் எல்லைகள் வந்தன. கட்டாயம் என்றால், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் நீதிபதிக்கு வேறு தண்டனை வழங்கும் அதிகாரம் இல்லை என்று பொருள். இத்துடன் சட்ட அனுமானங்களும் சேர்ந்துகொண்டன. 2 கிராமுக்கு மேல் டயமார்ஃபின் வைத்திருப்பவர் அதைக் கடத்துவதற்காகவே வைத்திருந்தார் என்றும், போதைப்பொருளை வசம் வைத்திருப்பவர் அது இன்ன பொருள் என்பதை அறிந்திருந்தார் என்றும் சட்டமே கருதிக்கொள்ளும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. 1980இல் இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில், ஓங் ஆ சுவான் வழக்கில் இந்த ஏற்பாட்டைச் செல்லும் என்று உறுதிசெய்தது. ஒரே அளவு சரக்குடன் பிடிபட்ட இருவரின் தார்மீகப் பொறுப்பு வேறுபட்டிருந்தாலும், அரசியலமைப்பு உறுதியளிக்கும் சமத்துவம் அந்த வேறுபாட்டைக் கருதும்படி கோரவில்லை என்பது டிப்லாக் பிரபுவின் தீர்ப்பின் சாரம்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்ற இந்தச் சுவரில் 2012 நவம்பரில் நாடாளுமன்றம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 33பி என்னும் பிரிவே அது. அதன்வழி உயிர் தப்ப இரண்டு பாதைகள் உண்டு. தம் பங்கு சரக்கைக் கொண்டு செல்வது, அனுப்புவது, ஒப்படைப்பது ஆகியவற்றோடு நின்றுவிட்டது என்பதைக் குற்றவாளி மெய்ப்பிக்க வேண்டும். அத்துடன், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு கடத்தல் நடவடிக்கைகளை முறியடிக்க அவர் கணிசமாக உதவினார் என்று அரசு வழக்கறிஞர் சான்றிதழ் தர வேண்டும். இரண்டும் அமைந்தால் நீதிபதி மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். மற்றொரு பாதையில், சுமந்தவர் தம் செயலுக்கான மனப்பொறுப்பைக் கணிசமாகக் குறைக்கும் மனநலக் குறைபாடு உடையவராக இருந்தார் என்று மெய்ப்பித்தால் ஆயுள் சிறை விதிக்கப்படும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

இந்த வாசலால் உயிர் தப்பியவர்களுள் ஒருவர், 19 வயதில் 47 கிராமுக்கும் சற்று அதிகமான டயமார்ஃபினுடன் 2007இல் பிடிபட்ட யோங் வுய் கோங் என்னும் சபா மாநில இளைஞர். கட்டாய மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என்ற அவருடைய வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் நிராகரித்தது. சட்டம் திருத்தப்பட்டபின் சான்றிதழ் கிடைத்து, 2013 நவம்பரில் அவருடைய தண்டனை ஆயுள் சிறையாகவும் 15 பிரம்படியாகவும் மாற்றப்பட்டது. எந்தத் தணிப்பும் இல்லாமல் தூக்குமேடையில் முடிந்திருக்க வேண்டிய பலருடைய உயிர் இந்தத் திருத்தத்தால் காக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்த வாசல் அளப்பது சுமந்தவரின் பொறுப்பை அன்று. அரசுக்கு அவரால் கிடைத்த பயனை. தமக்கு மேலே உள்ளவர்களை அறிந்தவர் நிறையச் சொல்ல முடியும்; ஒரு தொலைபேசி எண்ணையும் ஒரு பட்டப்பெயரையும் மட்டுமே அறிந்தவருக்குச் சொல்வதற்கு எதுவும் இராது. மனமுவந்து எல்லாவற்றையும் கூறினாலும் அதனால் நடைமுறைப் பயன் விளையாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்பதை அரசு நாடாளுமன்றத்தில் ஒளிவுமறைவின்றிக் கூறியது. வெறும் முயற்சிக்குச் சலுகை தந்தால் எல்லோரும் முயன்றதாகவே கூறுவார்கள் என்பது அதன் கவலை. அதன் விளைவு, கும்பலோடு நெருக்கமாக இருந்தவருக்கு வாய்ப்பு அதிகம், அடித்தட்டில் இருந்தவருக்குக் குறைவு என்பதாக அமைகிறது. தார்மீகப் பொறுப்பின் ஏறுவரிசையை இது தலைகீழாக்குகிறது. ஒரே சரக்குக்காக ஒரே குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட இருவரில் ஒருவருக்குச் சான்றிதழ் கிடைத்து ஆயுள் சிறையும், மற்றவருக்கு அது கிடைக்காமல் மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. இருவரும் வெறும் சுமப்பவர்களே என்று முடிவு செய்த நீதிபதிக்கு அதற்குமேல் செய்ய எதுவும் இருக்கவில்லை. சான்றிதழ் மறுக்கப்பட்டவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது. 2017இல் அவர் தூக்கிலிடப்பட்டார். சான்றிதழ் தருவது அரசு வழக்கறிஞரின் தனி முடிவு. தீய நோக்கமோ வன்மமோ அரசியலமைப்பு மீறலோ இருந்ததாக மெய்ப்பித்தாலன்றி நீதிமன்றம் அதில் தலையிடாது.

மனநலப் பாதையின் குறுகலைக் காட்டுவது நாகேந்திரன் தர்மலிங்கம் வழக்கு. மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த அவர், 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்துடன் பிடிபட்டார், அதில் 42.72 கிராம் தூய டயமார்ஃபின் இருந்தது. அவருடைய நுண்ணறிவு எண் 69 என்று ஒரு சோதனையில் மதிப்பிடப்பட்டது. கவனக்குறைவு மிகைச்செயல் குறைபாடும் எல்லைநிலை அறிவுத்திறனும் அவருக்கு இருந்தன என்பது வழக்கில் பேசப்பட்டது. எனினும், சோதனையைத் தவிர்க்கத் தாம் பாதுகாப்புப் பணியில் இருப்பதாக அவர் அதிகாரிகளிடம் கூறியது, எளிய அளவிலாவது திட்டமிட அவரால் முடிந்தது ஆகியவற்றைக் காட்டி, அவருடைய மனப்பொறுப்பு சட்டம் கோரும் அளவுக்குக் குறையவில்லை என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2021 நவம்பரில் நிறைவேற்றப்படவிருந்த தண்டனை, அவருக்குக் கொரோனா தொற்று உறுதியானதால் ஒத்திவைக்கப்பட்டு, 2022 ஏப்ரல் 27 அன்று நிறைவேற்றப்பட்டது. நுண்ணறிவு எண் ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை விடுவிக்க வேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. ஆனால், குறைந்த அறிவுத்திறன், இளம் வயது, கூலியாளாகவே இருந்தமை, சரக்கில் பங்கின்மை ஆகிய அனைத்தையும் ஒருசேர நிறுத்து, இந்த மனிதருக்கு எது தகும் என்று ஒரு நீதிபதி கேட்பதற்கான இடமே அந்தச் சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகத் தன் வாசலில் நின்று, தனித்தனியாகத் திருப்பி அனுப்பப்பட்டது.

அனுமானங்களின் கனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மற்றொரு மலேசியத் தமிழர், தாம் சுமந்தது சாக்லேட்டுடன் கலந்த, கேளிக்கை விடுதிகளில் பயன்படும் மென்மையான பொருள் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறினார். உயர் நீதிமன்றம் அதை ஏற்று 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதை மாற்றி மரண தண்டனை விதித்தது. 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன் முடிவை மறுஆய்வு செய்து முதல் தண்டனையையே மீட்டளித்தது. அவருடைய செயலில் ஒன்றும் மாறவில்லை. அவர் அறிந்திருந்தாரா என்ற கேள்வியை அரசுத் தரப்பு விசாரணையில் ஒருவிதமாகவும் மேல்முறையீட்டில் வேறுவிதமாகவும் வாதிட்டது என்பதும், அறிந்திருந்தார் என்னும் சட்ட அனுமானத்தை எப்போது பயன்படுத்தலாம் என்பதும்தான் அந்த மாற்றத்தைத் தீர்மானித்தன. கட்டாய தண்டனையின் கீழ் இவ்வளவு நுட்பமான ஒரு சட்டக் கேள்வி ஓர் உயிரின் முழுச் சுமையையும் தாங்க நேர்கிறது.

இந்த அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நீதிபதியிடமிருந்து எடைபோடும் அதிகாரத்தை எடுத்துவிட்டால், எடைபோடுவது நின்றுவிடுவதில்லை; அது வேறொருவர் மேசைக்குப் போகிறது. சிங்கப்பூர் நீதிமன்றக் குற்றப்பத்திரிகைகளில் '14.99 கிராமுக்குக் குறையாத டயமார்ஃபின்' என்ற தொடர் வழக்கமாகக் காணப்படும். உண்மையில் பிடிபட்டது 15 கிராமுக்கு அதிகமாக இருந்தும், மரண தண்டனைக் கோட்டுக்குக் கீழே வரும்படி அரசுத் தரப்பே குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்வதன் அடையாளம் அது. அந்தக் குறைப்பில் இரக்கம் இருக்கலாம், சான்றின் வலுவைப் பற்றிய கணக்கு இருக்கலாம், குற்றவாளியின் வயதோ உடல்நிலையோ கருதப்பட்டிருக்கலாம். ஒரு தணிப்புக் காரணத்தை நீதிபதி ஏற்றாலும் மறுத்தாலும் அதற்கான காரணத்தைத் திறந்த நீதிமன்றத்தில் எழுதிப் படிக்கிறார், அதன்மேல் மேல்முறையீடு செய்ய முடிகிறது. அரசு வழக்கறிஞரின் அறையில் எடைபோடப்பட்டதற்கோ காரணம் வெளியே வருவதில்லை. கட்டாய தண்டனை எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்ற வாதம் வலுவிழப்பது இந்த இடத்தில்தான்.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் உள்ள மலேசியாவும் நீண்ட காலம் இதே கட்டாயத் தண்டனையை வைத்திருந்து, 2017இல் சிங்கப்பூரின் ஏற்பாட்டை ஒத்த ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. பின்னர் 2023இல் கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றி, மரண தண்டனையா சிறையா என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை நீதிபதியிடமே திருப்பித் தந்தது. ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்கள் மறுபரிசீலனை கோரவும் வழி செய்தது.

இங்கிலாந்து தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கூச்சலோ வழக்குப் போராட்டமோ இல்லாமல், ஆய்வின் வழியே அந்த மாற்றம் வந்தது. தண்டனை வழிகாட்டுதல்களை வகுக்கும் பொறுப்புள்ள தண்டனைக் கவுன்சில், போதைப்பொருள் சுமந்து வந்து சிறையில் இருந்த 12 வெளிநாட்டுப் பெண்களிடம் பேசி 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்பின் 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல், சரக்கின் எடையோடு குற்றவாளியின் பங்கையும் சம இடத்தில் வைத்தது. தலைமைப் பங்கு, குறிப்பிடத்தக்க பங்கு, சிறு பங்கு என மூன்று நிலைகள் வகுக்கப்பட்டன. பிறரின் ஏவலின்படி வரம்புக்குட்பட்ட ஒரு வேலையை மட்டும் செய்தவர், மிரட்டலாலோ சுரண்டலாலோ அறியாமையாலோ இதில் இழுக்கப்பட்டவர், மேலே உள்ளவர்கள்மீது எந்தச் செல்வாக்கும் இல்லாதவர், நடவடிக்கையின் பரப்பை அறியாதவர் ஆகியோர் சிறு பங்கினர். ஹெராயின், கொக்கெய்ன் போன்ற பொருள்கள் ஏறத்தாழ ஒரு கிலோ என்ற நிலையில், தலைமைப் பங்கு வகித்தவருக்குக் கணக்குத் தொடங்கும் இடம் 11 ஆண்டுகள். சிறு பங்கினருக்கு 6 ஆண்டுகள். அங்கிருந்து வயது, உடல்நிலை, பராமரிக்க வேண்டிய குழந்தைகள், குற்றப் பின்னணி ஆகியவற்றுக்கேற்ப மேலும் கீழும் நகரலாம். 1982இல் துணைபோவதாகக் கருதப்பட்ட அதே காரணங்கள் முப்பது ஆண்டுகளில் தண்டனையின் அளவுகோலுக்குள் வந்து சேர்ந்தன. நியூசிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019இல் ஜாங் வழக்கில் மெத்தம்ஃபெட்டமின் தண்டனைகளுக்கு இதே பங்கு என்னும் அளவுகோலை ஏற்றது.

ஆறு ஆண்டுகள் சிறு தண்டனை அன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தணிப்புக் காரணங்களை எடைபோடுவது என்றாலே குற்றவாளியைத் தப்பவிடுவது என்று எண்ணுவோருக்கு அந்த எண்ணே விடை.

இலத்தீன் அமெரிக்க நாடுகள், குறிப்பாகப் பெண் சுமப்பாளர்களைப் பொறுத்து, வேறு வழிகளில் சென்றன. ஈக்வடார் 2008இல், 2 கிலோவுக்கு மிகாமல் சுமந்து முதன்முறை தண்டிக்கப்பட்டு, தண்டனையின் ஒரு பகுதியை அனுபவித்துவிட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். கோஸ்டாரிகா 2013இல், சிறைக்குள் போதைப்பொருள் கொண்டு சென்ற பெண்கள் வறுமையிலோ குழந்தைகளைத் தனித்துக் காக்கும் நிலையிலோ இருந்தால் 8 முதல் 20 ஆண்டுகள் என்றிருந்த தண்டனை 3 முதல் 8 ஆண்டுகளாகக் குறையும் என்று சட்டம் திருத்தியது. ஐ.நா. பொதுச் சபை 2010இல் ஏற்ற, பெண் கைதிகள் தொடர்பான பாங்காக் விதிகளின் 61ஆம் விதியும், குற்றப் பின்னணி இன்மையையும் குடும்பப் பராமரிப்புப் பொறுப்பையும் தணிப்புக் காரணங்களாகக் கருதும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு இருக்க வேண்டும் என்கிறது.

இந்தியாவின் நிலை இவற்றுள் எதையும் ஒத்ததில்லை. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 2001இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், சரக்கைச் சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என்று பிரிக்கிறது. ஹெராயினில் 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. கஞ்சாவில் முறையே 1 கிலோ, 20 கிலோ. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள்வரை சிறை என்பதால் நீதிபதி வழக்கின் தன்மைக்கேற்ப எவ்வளவும் குறைக்கலாம். வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள், அத்துடன் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஆந்திர, ஒடிசா எல்லையிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் கஞ்சா மூட்டை கொண்டு வரும் கூலியாள்களின் வழக்குகள் தமிழ்நாட்டின் சிறப்பு நீதிமன்றங்களில் நாள்தோறும் வருகின்றன. அவற்றில் மூட்டையின் எடை 19 கிலோவா 21 கிலோவா என்பது ஒரு மனிதரின் வாழ்வில் பத்தாண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளே; நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. ஆகவே, மூட்டையில் இருந்த இலையையும் தண்டையும் சேர்த்து நிறுத்தார்களா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பது வெறும் சட்டத் தந்திரம் அன்று.

குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க எந்தத் தணிப்புக் காரணமும் போதாது. 32பி என்ற பிரிவு, குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டிக்க நீதிபதி கருதக்கூடிய காரணங்களை வரிசையிடுகிறது: வன்முறை அல்லது ஆயுதம் பயன்படுத்தியது, பொதுப் பதவியைப் பயன்படுத்தியது, சிறாரை ஈடுபடுத்தியது, கல்விக்கூடத்தில் குற்றம் செய்தது, கும்பலில் உறுப்பினராக இருந்தது, வேறு சட்டவிரோதச் செயல்களில் ஈடுபட்டது. ஆறும் தண்டனையை ஏற்றுபவை. இறக்கும் காரணம் ஒன்றுகூட அங்கே எழுதப்படவில்லை. குர்தேவ் சிங் வழக்கில், ஒரு கிலோ ஹெராயினுடன் பிடிபட்டு 15 ஆண்டுச் சிறை பெற்றவர், தாம் ஏழை என்றும் வெறும் சுமப்பவரே என்றும் கூறியதை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஏற்கவில்லை. சமூகத்துக்கு விளையும் கேட்டின் முன் அந்தக் காரணங்கள் நிற்கா என்றது. சுமப்பவரைப் பற்றிய இந்த ஐயம் போதைப்பொருள் சட்டத்துக்கு மட்டும் உரியதும் அன்று. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், தண்டனையைக் குறைக்கத் தகுந்த சிறப்புக் காரணங்கள் எவை அல்ல என்று வரிசையிடும் இடத்தில், முதன்மைக் குற்றவாளியாக இல்லாமல் வெறுமனே பொருளைச் சுமந்தவர் என்பதை வெளிப்படையாகவே குறிப்பிட்டு விலக்குகிறது.

இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர்மீது ஏற்றும் சுமையும் சிங்கப்பூரைவிடக் கனமானது. குற்ற மனநிலை இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு பணிக்கிறது; சிங்கப்பூரில் அத்தகைய அனுமானத்தை 'இதுவே நம்பத்தக்கது' என்ற அளவுக்கு மெய்ப்பித்து உடைக்கலாம், இந்தியச் சட்டமோ நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அதை உடைக்கும்படி கோருகிறது. அரசுத் தரப்பு முதலில் அடிப்படை உண்மைகளை நிறுவியாக வேண்டும் என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது ஓரளவு பாதுகாப்பு. பெட்டிக்குள் இருப்பது தெரியாது என்று கூறும் கூலியாள் அதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? அனுப்பியவர் தலைமறைவாக இருக்கிறார். பேசிய எண் வேறொருவர் பெயரில் வாங்கப்பட்டது. வணிக அளவு வழக்குகளில் 37ஆம் பிரிவு பிணையையும் ஏறக்குறைய மூடிவிடுவதால், தீர்ப்பு வருமுன்பே பல ஆண்டுகள் சிறையில் கழிகின்றன. அத்தகைய நீண்ட தாமதத்தைக் காரணமாகக் கொண்டு 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தில் மிகவும் நெருடுவது 27ஏ பிரிவு. போதைப்பொருள் வணிகத்துக்கு முதல் போடுபவருக்கு அது விதிக்கும் தண்டனை 10 முதல் 20 ஆண்டுகள்; வணிக அளவைச் சுமந்த கூலியாளுக்கும் அதே 10 முதல் 20 ஆண்டுகள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் தண்டனை குறித்து இருவரையும் தனியே கேட்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறை கட்டளையிடுகிறது; ஆனால், அந்த விசாரணையில் கூலியாள் தம் மகளின் நோயையும் கந்துவட்டிக் கடனையும் எவ்வளவு சான்றோடு காட்டினாலும், முதலாளி எந்தப் படியில் நிற்கத் தொடங்குகிறாரோ அதற்குக் கீழே அவரால் இறங்க முடியாது. 'போதிய, சிறப்பான காரணங்களை எழுதிவைத்து' குறைந்தபட்சத்துக்குக் கீழே தண்டிக்கும் அதிகாரம் இந்தியச் சட்டங்களுக்குப் புதியது அன்று. சுங்கச் சட்டத்திலேயே அந்த வடிவம் இருக்கிறது. நாடாளுமன்றம் 2001இல் எடைக்கேற்பத் தண்டனையைப் பிரித்தும், இந்தச் சட்டத்திலும் இருந்த கட்டாய மரண தண்டனைக்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தபின் 2014இல் அதை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டும், இதே சட்டத்தை இருமுறை தளர்த்தியிருக்கிறது. 32பி பிரிவின் ஆறு காரணங்களுக்குக் கீழே, சுமப்பவராக மட்டும் இருந்தமை, மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் ஆளானமை, இளம் வயது, அறிவுத்திறன் குறைவு, பராமரிக்க வேறு எவரும் இல்லாத குழந்தைகள் ஆகியவற்றைச் சேர்த்து, அவற்றுக்காகப் பத்தாண்டுக்குக் கீழே இறங்கும்போது காரணத்தைத் தீர்ப்பில் எழுதும் கடமையையும் நீதிபதிக்கு விதித்தால், அந்தக் காரணம் தவறானது என்று அரசு கருதும் வழக்கில் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அதற்கும் முழு வாய்ப்பு இருக்கும்.